தலைவர் குரலில் நான் பேசிய நூற்றுப் பதினோரு நாள்

தலைவர் சோலையார் காலமான பதினாறாம் நாள் விடிகாலையில், தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு, விளக்கேற்றி, சமயபுரத்து ஆத்தாள் படத்துக்கு முன்னால் கைகூப்பி, நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிற மாதிரியே "ஆத்தா, மகமாயி" என்று நான் வாயைத் திறந்தபோது, என் வாயிலிருந்து தலைவரின் குரல் வந்தது.

தகரத்தில் ஜல்லியைக் கொட்டிக் கிளறினாற்போல இருக்கும் அந்தக் குரல், அதற்கு முன்னால் அவருக்கே உரிய ஒரு கனைப்பு, இரண்டும் வந்தன. எனக்குப் பயம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. ஆத்தாளுக்கு முன்னால் அந்நிய ஆம்பிளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் ரெங்கராசு அப்போது கொல்லையில் முருங்கை மரத்தில் கண்ணாடியை மாட்டி முகம் வழித்துக்கொண்டிருந்தார். கட்சியின் கிளைச் செயலாளர், சைக்கிள் கடை வைத்திருப்பவர், சாமி இல்லை என்பவர். ஆனாலும் தலைவருக்காக மொட்டை போட்டிருந்தார். துக்கம் வேறு, சடங்கு வேறு என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். பாதி முகம் சோப்போடு ஓடிவந்தவர், அறையை ஒரு சுற்றுப் பார்த்தார், அரிசி டிரம்முக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஏங்க, நான்தாங்க" என்றேன். அதுவும் அந்தக் குரலிலேயே வந்தது. காலில் விழக்கூடாது என்பது கட்சி விதி. ஆகவே அவர் முழங்கால்வரை மடங்கி, நினைவு வந்து, மறுபடி நிமிர்ந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அன்று முதல் என்னை வாங்க, போங்க என்றுதான் பேசினார்.

தலைவருக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தவரே அவர்தான். காலை ஒன்பது மணி என்று அழைப்பிதழில் போட்டு, ஒன்றரை மணிக்கு வந்தார். ஒரு லட்சம் பேர் கூட்டமானாலும் மைக்கைப் பிடித்ததும் அவர் முதலில் கேட்பது "சாப்பிட்டீங்களா?" என்பதுதான், கூட்டம் "சாப்பிட்டோம்" என்று சொல்லும்வரை அடுத்த வார்த்தை பேசமாட்டார். மணவறையில் என்னையும் பார்த்து "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை எனக்கு. ஆனால் அத்தனை பெரிய மனிதரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? "சாப்பிட்டேங்கய்யா" என்றேன். அதை நம்பி அவர் இன்னும் ஒன்றரை மணி நேரம் பேசினார். அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

பிள்ளைகளுக்குப் பேர் வைத்தவரும் அவரே. எங்கள் முசிறிப் பக்கத்தில் கட்சி வீடுகளில் அதுதான் வழக்கம். பிள்ளை பிறந்தால் தலைவர் வரும்வரை காத்திருப்பார்கள். ஒரு மாசமோ, ஒரு வருஷமோ, அதுவரை பிள்ளைக்குப் பேர் கிடையாது. எங்கள் மூத்தவளைக் கட்சிக்கொடியில் சுற்றிக் கூட்டத்துக்கு நடுவே தலைக்குமேலே தூக்கிப் பிடித்தார் இவர். வேனின் மேலிருந்த தலைவர் ஒரு கணம் பார்த்து, "இமயவரம்பன்" என்று பேர் வைத்தார். பொம்பளைப் பிள்ளைங்கய்யா என்று இவர் சொல்வதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. தலைவர் ஆணா பெண்ணா என்று பார்த்துப் பேர் வைக்கிறவர் இல்லை, அதுதான் சமத்துவம் என்று சொல்லிவிட்டார் இவர். என் மகள் இமயவரம்பன் என்ற பேரோடு பள்ளிக்கூடம் போனாள், பரீட்சைக்குப் போனால் ஆம்பிளைப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்த்தி வைத்தார்கள், அவள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அச்சகத்தைத் திட்டினார்கள். வீட்டில் நாங்கள் இமயா என்று கூப்பிடுவோம்.

இளையவனுக்குத் திருச்சி ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் வழியாகப் பேர் வைத்தார். "வெற்றி" என்று தொடங்கினார், ரயில் கிளம்பிவிட்டது, மீதியை இன்ஜின் கொண்டுபோய்விட்டது. என் வீட்டுக்காரர் நகராட்சியில் சண்டை போட்டு, வெற்றி என்று எழுதி அதற்குப் பக்கத்தில் ஐந்து புள்ளி வைக்கச் சொன்னார். தலைவர் அடுத்த தரம் வரும்போது மீதியைச் சொல்வார் என்று இருபத்தொன்பது வருஷம் காத்திருந்தோம். அவனும் ஐந்து புள்ளியோடு வேலைக்குப் போய், ஐந்து புள்ளியோடு கல்யாணமும் செய்துகொண்டான்.

இப்போது இமயாவின் பிள்ளைக்கு வருகிறேன். ஏனென்றால் எல்லாம் அந்தப் பிள்ளையால் வந்ததுதான். இமயாவுக்கு ஏழு வருஷம் பிள்ளையில்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை. நான் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிச் சமயபுரம் போய், ஈரப்புடவையோடு பிரகாரம் சுற்றி, "ஆத்தா, ஆணோ பொண்ணோ, ஒரு உசிரைக் குடு, உன் பேரையே வைக்கிறேன்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. கட்சிக்காரர் வீட்டில் அதைச் சொல்ல முடியுமா? பத்தாம் மாசம் பெண் பிறந்தது. பிறந்த அன்றே இவர், பேரைத் தலைவர் வாயால்தான் வைப்பேன் என்று தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துச் சொல்லிவிட்டார். பதினோராம் நாள் தலைவர் போய்விட்டார்.

ஆக, பிள்ளை பேரில்லாமல் கிடந்தது. பாப்பா, பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். செவ்வாய்க்கிழமை தோறும் சாயங்காலம் பிள்ளைக்கு லேசாக உடம்பு சுடும், புதன்கிழமை காலையில் சரியாகிவிடும். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். எனக்கு மட்டும் தெரியும், ஆத்தாள் கடனைக் கேட்கிறாள் என்று.

இந்த நிலைமையில்தான் தலைவரின் குரல் வந்து என் தொண்டையில் உட்கார்ந்தது.

வெற்றி என்னைத் திருச்சியில் ஒரு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பச்சைப்பிள்ளைத் தொண்டை மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு நர்ஸை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, தன் அப்பா தலைவரோடு ஜெயிலுக்குப் போனவர் என்றும், ஒரே ஒரு தரம் தன்னைச் சாப்பிட்டியா என்று கேட்கவேண்டும் என்றும் சொன்னார். கேட்டேன். "இன்னும் இல்லைங்கய்யா" என்று சொல்லி மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதார். வெளியே டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்களும் குரலைக் கேட்டு எழுந்து நின்றார்கள்.

ஊர் மூன்றே நாளில் பழகிக்கொண்டது. தெருவில் கத்தரிக்காய் விற்கிறவள் என்னிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டு, கூடையை இறக்கிவைத்து, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப அடம்பிடிக்கிற பிள்ளைகளை எழுப்பிவிட அடுத்த வீட்டுக்காரிகள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் சன்னல் பக்கம் நின்று "எழுந்திரிங்கப்பா" என்றால் போதும், தெருவே எழுந்து பல் தேய்த்தது, கிழவர்கள்கூட. ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நான் "சர்க்கரை வந்திருச்சாப்பா?" என்றதும் மூட்டையைப் பிரித்தார்.

வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான் கணக்கில் அடங்காதவர்கள். ஒவ்வொருவரும் தலைவரோடு தங்களுக்கிருந்த சொந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தலைவர் பாதி தின்றுவிட்டு நீட்டிய வடையின் மீதியைத் தின்றவர் வந்தார். தலைவர் கார் மோதிக் கோணிய சைக்கிள் ரிம்மை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு குளித்தலையிலிருந்து ஒருவர் வந்தார்; சைக்கிள்காரரான என் வீட்டுக்காரர் அதைத் தொட்டுப் பார்த்து, இதை நிமிர்த்தவே கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். தொட்டியத்தில் டீ மாஸ்டராக இருக்கும் ஒருவர், முப்பது வருஷத்துக்கு முன்னால் கூட்ட நெரிசலில் தலைவர் மிதித்த தன் கால் கட்டைவிரலைக் காட்டினார். நகம் இன்னும் கறுப்பாகவே இருந்தது. அதைச் சரியாக்க வைத்தியம் பார்க்கவே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். நான் எல்லாரிடமும் என் வழக்கப்படி, வீட்டுக்கு வருகிறவர்களைக் கேட்கிற மாதிரிதான், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்டதும் அத்தனை பேரும் அழுதார்கள். அழுகிறவர்களைப் பட்டினியாக அனுப்ப முடியுமா? இரண்டு படி அரிசி உலையில் போட்டது நான்கு படி ஆயிற்று.

சங்கடம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தலைவர் போனதும் கட்சி இரண்டாகியிருந்தது: அவருடைய மருமகன் அணி, பொதுச்செயலாளர் அணி. மருமகன் அணிக்கு எங்கள் பக்கம் ஒன்றியச் செயலாளர் காத்தமுத்து. பொதுச்செயலாளர் அணிக்கு நகரச் செயலாளர் பிச்சைரெத்தினம். இரண்டு பேரும் எங்கள் வாசலில் எதிரும் புதிருமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் பேசுவதையெல்லாம் ஆளுக்கொரு நோட்டில் எழுதினார்கள். ஒருநாள் நான் அடுப்படியில் "மாவு புளிச்சுப்போச்சு, இன்னிக்கு வேற ஏதாச்சும் பாக்கணும்" என்று சொன்னேன். மறுநாள் பேப்பரில் அது கூட்டணியைப் பற்றிய தலைவரின் கருத்தாக வந்தது. சென்னையிலிருந்து கூட்டணிக் கட்சிக்காரர்கள், தாங்கள் புளிக்கவில்லை என்று அறிக்கை விட்டார்கள். வாசலில் கிடந்த குடத்தை "இதை இந்தப் பக்கம் தள்ளு, வழியை மறிக்குது" என்று வெற்றியிடம் சொன்னதைத் தன்னைத்தான் சொன்னதாக எடுத்துக்கொண்டு பிச்சைரெத்தினம் முகம் செத்துப்போய், மூன்று நாள் வாசல் பக்கமே வரவில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை என் பூஜைதான். விடிகாலையில் தலைவரின் குரல், சாமியே இல்லை என்று அறுபது வருஷம் ஊர் ஊராகச் சொன்ன குரல், "ஆத்தா, மகமாயி, எல்லாரையும் காப்பாத்து" என்று தெருக்கோடிவரை கேட்டது. மாரியம்மன் கோயில் பூசாரி வந்து, தீமிதி நோட்டீஸில் தலைவர் பேரையும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு அணியும் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒன்றாக உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேரம் பேசி, குரல் கட்சியின் உடைமை, வேண்டுதல் அந்த அம்மாவின் சொந்த விஷயம், ஆகவே அம்மா இனி உதட்டை மட்டும் அசைத்துக் கும்பிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதை என் வீட்டுக்காரர்தான் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், கட்சி முடிவு என்று சொன்னார்.

அப்புறம் உதட்டை மட்டும் அசைத்துத்தான் கும்பிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மனசுக்குள்ளேயே பேசிக்கொள்ளப் பழக்கமில்லை. ஆத்தாளுக்கு என்னை அடையாளம் தெரிந்ததே குரலால்தான் என்று நினைத்திருந்தேன். குரலும் போய், சத்தமும் போனபின் விளக்கு முன்னால் நிற்பது, தெரியாத வீட்டு வாசலில் கதவு தட்டாமல் நிற்பது போல இருந்தது. செவ்வாய்க்கிழமை வரும், பிள்ளைக்கு உடம்பு சுடும், நான் வாய் அசைப்பேன்.

பேர் வைக்கும் விழாவை முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. தலைவர் குரல் இருக்கிறது, பேரில்லாத பிள்ளையும் இருக்கிறது, அப்புறம் என்ன என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கவேண்டும். காவிரிக்கரை மண்டபத்தைப் பிடித்தார்கள், போஸ்டர் ஒட்டினார்கள்: 'தலைவர் பெயர் சூட்டுகிறார்' என்று. என் படம் அதில் இல்லை. தலைவர் படமும், ஓரத்தில் பிள்ளை படமும் இருந்தன.

விழாவுக்கு முந்தின நாள் காத்தமுத்து கொல்லைப்பக்கம் வந்து ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். தலைவரின் மருமகன் பேர் அரசேந்திரன். ஆகவே சீட்டில் 'அரசேந்திரி' என்று எழுதியிருந்தது. "தலைவருக்கு அந்தப் பேருமேல ஒரு நெனைப்பு உண்டுங்கம்மா" என்றார். அவர் போய்ப் பத்து நிமிஷத்தில் பிச்சைரெத்தினம் வந்து இன்னொரு சீட்டுக் கொடுத்தார். அதில் 'செயல்மதி' என்று இருந்தது, பொதுச்செயலாளரை நினைத்து. இரண்டையும் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன்.

என் வீட்டுக்காரர் சீட்டு எதுவும் தரவில்லை. "தலைவர் மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க" என்றார்.

"எனக்குள்ள அவர் குரல்தாங்க இருக்கு, மனசு என்னோடதுதான்" என்றேன்.

தலைவருக்கு எப்போதும் அந்தப் பணிவுதான் என்று சொல்லி அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் இமயா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பேச்சில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும். பேருக்கே பதில் சொல்லி வளர்ந்த பிள்ளை அல்லவா.

"ஏம்மா, எனக்குப் பேர் வைக்கிறப்ப உன்னைக் கேட்டாங்களா?"

"இல்லை தாயி."

"தலைவரே ஒத்துக்கிட்டாரு பாரு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் விரலைப் பிரித்துப் பிரித்து மூடினாள். "எனக்கு ஒண்ணு செய்றியா? அவரு குரல்ல ஒரே ஒரு தரம் சொல்லு. தப்பா வெச்சுட்டேன்னு."

அவள் கேட்டது என்னையா, அவரையா என்றுகூட அப்போது தெரியவில்லை. ஒரு கனைப்புக் கனைத்து, "தப்பா வெச்சுட்டேன் தாயி. சரியாப் பாக்காம வெச்சுட்டேன்" என்றேன். முப்பத்துமூன்று வயசுப் பொம்பளை, பச்சைப்பிள்ளை போல என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உன் மனசுல ஒரு பேர் இருக்குல்லம்மா?" என்றாள்.

எனக்கு இரண்டு பிள்ளை பிறந்தும், ஒரு பேத்தி பிறந்தும், யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. வாசலில் இரண்டு நோட்டுகள் காத்திருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன், கும்பிடுகிற மாதிரி. அவள் என் உதட்டையே பார்த்தாள். பார்த்து முடித்து, சமயபுரத்தாள் படத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா தாங்குவாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலை தாயி. ஆத்தா கிட்ட சொல்லிட்டேன்" என்றேன், வாசல் நோட்டுகளுக்குக் கேட்காமல் அவள் காதோடு.

மறுநாள் மண்டபத்தில் உள்ளே ஆயிரம் பேர், வெளியே படித்துறைவரைக்கும் ஆயிரம் பேர். தப்பு, தாரை, கொடி. இடப்பக்கம் மருமகன் அணி, வலப்பக்கம் பொதுச்செயலாளர் அணி, நடுவில் ரிம்மைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளித்தலைக்காரர். மேடையில் பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள். எனக்கு வலப்பக்கம் இமயா, இடப்பக்கம் என் வீட்டுக்காரர், மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பிள்ளையின் உடம்பு என் நெஞ்சில் சுட்டது.

என்ன பேசுவதென்று தெரியாமல், தெரிந்ததைக் கேட்டேன். "சாப்பிட்டீங்களா?"

உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும், சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும், காவிரியில் குளித்துக்கொண்டிருந்தவர்களும் "சாப்பிட்டோம்" என்றார்கள். சொல்லிவிட்டு அழுதார்கள். அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை நான் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி நின்றேன். என் வீட்டுக்காரர் தலைவரை நிஜமாகவே பக்கத்தில் பார்க்கிறவர் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரிடமிருந்து அவர் தலைவரைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறோமே என்று நினைத்தேன். ஆனால் அதற்கு முன்னாலேயே நான் வாக்குக் கொடுத்த இடம் ஒன்று இருந்தது.

பிள்ளையின் காதுப்பக்கம் குனிந்து, ஒரு கனைப்புக் கனைத்து, "முத்து" என்றேன்.

தகரமும் ஜல்லியுமாய் அந்தச் சொல் ஒலிபெருக்கியில் போய் மண்டபத்தில் இடித்தது. அவ்வளவுதான், தப்பு முழங்கிற்று, கைதட்டல் கிளம்பிற்று, கொடிகள் ஆடின. நான் இன்னும் முடிக்கவில்லை. மீதியைச் சொன்னேன். "மாரி" என்றேன். அது என் குரலில் வந்தது. என் சொந்தக் குரல், மெலிந்த குரல், பிள்ளைகளைத் தாலாட்டின குரல். நூற்றுப் பதினோரு நாள் கழித்து வந்ததால் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. கைதட்டலில் அது முதல் வரிசைக்குக்கூடப் போகவில்லை. பிள்ளைக்குக் கேட்டது. இமயாவுக்குக் கேட்டது. மைக்கைப் பிடித்திருந்தவருக்குக் கேட்டிருக்கவேண்டும், ஏனென்றால் மைக் கீழே இறங்கிவிட்டது.

ஊருக்கு அது 'முத்து'தான். நல்ல தமிழ்ப்பேர், இரண்டு அணியையும் சேராத பேர் என்று பாராட்டினார்கள். காத்தமுத்துவுக்கு மட்டும் தன் பேரில் பாதியைத் தலைவர் வைத்துவிட்டதாக உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்று சாயங்காலமே பொழுதுசாயும் முன்னால் சேதி வந்தது, தொட்டியத்து டீ மாஸ்டருக்குக் குரல் வந்திருக்கிறது, "ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று அவர் சொன்னதும் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள் என்று. காத்தமுத்துவும் பிச்சைரெத்தினமும் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு ஒரே வேனில் தொட்டியம் கிளம்பினார்கள். எங்கள் வாசலில் நாற்காலிக் கால்கள் பதிந்த எட்டுக் குழிகள் மட்டும் இருந்தன.

வீட்டுக்கு வந்தபின் என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "தனம், நீ இன்னொண்ணு சொன்னியே" என்றார். நீ என்று சொன்னார். அதிலேயே தெரிந்துவிட்டது எனக்கு.

"ஆமாங்க. சொன்னேன்" என்றேன்.

என் குரலைக் கேட்டதும், துபாயிலிருந்து சொல்லாமல் வந்து இறங்கியவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்புறம், தலைவர் இறந்த அன்று அழாத மனிதர், டிவி முன்னால் கல்லாக உட்கார்ந்திருந்த மனிதர், அரிசி டிரம்மில் சாய்ந்துகொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேண்டுதலைச் சொன்னேன், பஸ் ஏறிப் போனது, ஈரப்புடவை, எல்லாம். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் பிறப்புச் சான்றிதழுக்கு அவரே நகராட்சிக்குப் போனார். புள்ளியோடுதான் வரப்போகிறார் என்று எனக்கு நிச்சயம். 'முத்து', பக்கத்தில் ஐந்து புள்ளி, பாதி வேண்டுதல். பாதிக்கு ஆத்தாள் சம்மதிப்பாளா என்று கேட்டபடி வாசலிலேயே நின்றேன். வந்து தாளை என்னிடம் கொடுத்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 'முத்துமாரி' என்று முழுசாக இருந்தது.

அவரே சொன்னார், சைக்கிளைத் துடைத்துக்கொண்டே.

"அன்னிக்கு ரயில் கெளம்புனப்ப நான் கூடவே கொஞ்ச தூரம் ஓடியிருக்கணும். ஓடாம நின்னுட்டேன். அதான் அவனுக்குப் பாதிப்பேரு. இது அப்படியில்லையே. நான் பக்கத்துலதானே நின்னேன். காதுல விழுந்ததை எப்படி விழலைன்னு எழுதறது?"

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளைக்கு உடம்பு சுடவில்லை. பல் முளைத்துவிட்டது, அதனால்தான் என்கிறாள் இமயா. இருக்கட்டும்.

மறுநாள் விடிகாலையில் விளக்கேற்றி, பழக்க தோஷத்தில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். கொல்லையில் முருங்கை மரத்தடியில் சவரக்கத்தியின் சத்தம் நின்றது.

"என்ன, சத்தத்தையே காணோம்? வாய்விட்டுத்தான் கும்பிடேன்" என்றார்.

வாய்விட்டுக் கும்பிட்டேன். "ஆத்தா, மகமாயி" என்று தொடங்கி, முத்துமாரியைச் சொல்லி, இமயாவைச் சொல்லி, வெற்றியையும் அவன் ஐந்து புள்ளியையும் சொல்லி, தொட்டியத்து டீ மாஸ்டரைச் சொல்லி, பாவம் அவருக்கு வயசாகிவிட்டது, எல்லாருக்கும் பதில் சொல்லித் தொண்டை நோகும், அவரையும் பார்த்துக்கொள் என்று சொல்லி, கடைசியாகத் தலைவரையும் சொன்னேன். அவருக்குப் பிடிக்காதுதான். ஆனால் நூற்றுப் பதினோரு நாள் ஒரே தொண்டையில் குடியிருந்தவர்களுக்குள் அந்த உரிமைகூட இல்லையா?

கும்பிட்டு முடித்துத் திரும்பினால், பாதி முகம் சோப்போடு அவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. நான் வழக்கம்போல் சாப்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "இல்லைங்க, இன்னும் இல்லை" என்றேன்.

அவர் சவரக்கத்தியைச் சன்னலில் வைத்துவிட்டு, சோப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அடுப்படிக்குள் போனார். கொஞ்சநேரம் எதையெதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி, "தனம், தட்டெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.